சாமியைத் திட்டிவிட்டு வந்த ஆயா: காசிமேட்டில் மதத் தத்துவம்

கோயிலுக்குப் போய்ச் சாமியைத் திட்டிவிட்டுத் திரும்புகிறவரை பக்தர் என்று சொல்வதா, நம்பிக்கை இழந்தவர் என்று சொல்வதா? இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை, என் ஆயாவிடமிருந்து வந்தது.

காசிமேட்டில் மீன் விற்றவர் அவர். அவருடைய கடைசி மகன், என் சித்தப்பா, கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. போட்டில் கூடப் போனவர்கள் கரை சேர்ந்தார்கள், அவர் சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஒன்பது நாள் கரையிலேயே உட்கார்ந்திருந்த ஆயா, பத்தாம் நாள் எழுந்து நேராக அங்காளம்மன் கோயிலுக்குப் போனார். கையில் கற்பூரம் இல்லை, பூ இல்லை. சந்நிதிக்கு நேரே நின்று, “இன்னாடி பாத்துக்கினு கீற? கண்ணு அவிஞ்சிப் போச்சா உனக்கு? எம் புள்ளைய எங்கடி வெச்சிக்கினு கீற?” என்று கேட்டார். பூசாரி தடுக்கவில்லை. கும்பிட நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். சாமியை இப்படிப் பேசலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த ஆடியில் அதே ஆயா அதே அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்.

நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். பல வருஷம் கழித்து, வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல் வழியில் தத்துவம் படித்தேன். அதில் மதத் தத்துவம் என்று ஒரு தாள். சமயப் பாடம் ஒரு மதத்துக்குள் நின்று அதன் நூல்களுக்குப் பொருள் சொல்லும். மதத் தத்துவம் ஓரடி தள்ளி நின்று கேட்கும்: கடவுள் உண்டு என்பதற்கு என்ன ஆதாரம்? ஒருவருடைய அனுபவத்தை ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாமா? இவ்வளவு துன்பம் இருக்கிற உலகத்தில் நல்ல கடவுள் ஒருவர் இருக்க முடியுமா? அந்தக் கடைசிக் கேள்வியைப் படித்த இரவில் ஆயா நினைவுக்கு வந்தார். இதைத்தானே அன்றைக்கு அவர் கேட்டார் என்று தோன்றியது. அப்புறம் யோசிக்க யோசிக்க, அவர் கேட்டது வேறு என்று புரிந்தது. இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் பாடப் புத்தகத்துக் கேள்வி. கிரேக்கத்து எபிகூரஸ் கேட்டதாகச் சொல்லி, ஸ்காட்லாந்துக்காரரான டேவிட் ஹியூம் அதை எடுத்து எழுதினார். அவர் இறந்த பிறகு, 1779-இல்தான் அது அச்சில் வந்தது. தீமையைத் தடுக்கக் கடவுளுக்கு மனமிருந்தும் முடியவில்லை என்றால் அவர் வல்லவர் இல்லை. முடிந்தும் மனமில்லை என்றால் அவர் நல்லவர் இல்லை. மனமும் இருக்கிறது, வலிமையும் இருக்கிறது என்றால் தீமை எங்கிருந்து வந்தது? இதை மறுக்க எழுதப்பட்ட பக்கங்களை அடுக்கினால் ஒரு நூலகமே தேறும். ஜெர்மானியரான லைப்னிட்ஸ் 1710-லேயே ஒரு பதில் சொல்லியிருந்தார்: கடவுள் படைத்திருக்கக்கூடிய எல்லா உலகங்களிலும் இதுதான் மேலானது, இதில் உள்ள துன்பத்தை மட்டும் தனியே பிய்த்து எடுத்துவிட முடியாது. 1755 நவம்பர் 1-ஆம் தேதி காலை, சகல புனிதர் திருநாளுக்காக லிஸ்பன் நகரத்துத் தேவாலயங்கள் நிறைந்திருந்த நேரத்தில் நிலம் குலுங்கியது. பிறகு தீ, பிறகு ஆழிப்பேரலை. அந்தச் செய்திக்குப் பிறகு லைப்னிட்ஸின் பதிலைப் பழைய தெம்போடு சொல்ல ஐரோப்பாவில் பலராலும் முடியவில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர் அந்தப் பதிலைக் கோபத்தோடு கிழித்துப் போட்டார்.

நமக்கு லிஸ்பன் தூரம். 2004 டிசம்பர் 26 தூரமில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் போனார்கள், அவர்களில் பெரும்பகுதி நாகப்பட்டினம் மாவட்டத்தில். வடசென்னைக் கரையிலும் குப்பங்களுக்குள் கடல் வந்தது, போட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அந்த வாரம் முழுக்க எங்கள் தெருவில் பெண்கள் கடலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கடலைப் பற்றிப் பேசவில்லை, கடலிடம் பேசினார்கள். “சோறு போட்ட கையாலயே அடிச்சிட்டியே தாயே” என்றுதான் பேச்சு இருந்தது.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். தத்துவத்தில் தீமையை இரண்டாகப் பிரிப்பார்கள்: புயல், நோய், நிலநடுக்கம் போல இயற்கையில் வருவது ஒன்று, மனிதர் செய்வது மற்றொன்று. மனிதர் செய்யும் தீமைக்கு மனிதரின் சுதந்திரம் காரணம் என்று ஓரளவுக்குச் சமாதானம் சொல்லிவிடலாம், இயற்கையில் வருவதுதான் நம்பிக்கைக்குப் பெரிய சோதனை என்பார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய்க் கழிவு கலந்து எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. வலையும் போட்டும் கறுத்துப்போயின, அலையாத்திச் செடிகளின் தண்டிலெல்லாம் எண்ணெய் ஒட்டியது. அந்தக் கரையில் நின்று நான் கேட்ட பேச்சில் இந்தப் பிரிவினை தெளிவாகவே இருந்தது. மழைக்கு அம்மனைக் கேட்டார்கள். எண்ணெய்க்கு அம்மனைக் கேட்கவே இல்லை, ஆட்களைக் கேட்டார்கள், ஆபீஸைக் கேட்டார்கள், ரோட்டை மறித்தார்கள். ‘எல்லாம் விதி’ என்று கும்பிட்டுவிட்டுப் போகிற ஜனம் என்று வடசென்னையைப் பற்றி யாராவது சொன்னால், அவர் இந்தக் கரைக்கு வந்ததில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, ஆயாவின் கேள்விக்கு வருவோம்.

தன்மை, முன்னிலை, படர்க்கை என்று இலக்கண வகுப்பில் மூவிடம் படித்திருப்போம். நான், நீ, அவன். ஹியூமின் கேள்வி படர்க்கையில் இருக்கிறது. ‘அவர்’ வல்லவரா, ‘அவர்’ நல்லவரா. கேட்கிறவர் ஒரு பக்கம், கேட்கப்படும் பொருள் ஒரு பக்கம். எந்தப் பதில் வந்தாலும் கேட்டவருக்கும் அந்த ‘அவருக்கும்’ நடுவில் எதுவும் நடக்கப் போவதில்லை. ஆயா கேட்டது முன்னிலையில். ‘உனக்குக் கண் இல்லையா’ என்பது கண் உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்வதற்கான கேள்வி அல்ல. கண் இருக்கிறது, நீ பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை, எனக்குப் பதில் சொல் என்பது அதன் பொருள். அது ஒரு வழக்கு. வழக்குத் தொடுப்பவர் எதிராளி இல்லை என்று சொல்ல மாட்டார். உறவை அறுத்துக்கொண்டவரும் வழக்குக்குப் போக மாட்டார், முதுகைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்.

ஆயாவிடம் முரண்பாடு எதுவும் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். அம்மன் நல்லவள் என்பது ஒரு கூற்று, மகன் செத்தான் என்பது மறு கூற்று, இரண்டும் மோதுகின்றன, ஆகவே ஒன்றைக் கைவிடு என்று தர்க்கம் சொல்லும். கூற்றுகளை அப்படிக் கைவிடலாம். சண்டை போட்டுக்கொண்டிருக்கும் தாயையோ மகளையோ அப்படிக் கைவிட முடியாது. ஐரோப்பியத் தத்துவத்தில் இதை அழுத்திச் சொன்னவர் மார்ட்டின் பூபர். 1923-இல் அவர் எழுதியதன் சாரம், கடவுளைப் பற்றிப் பேச முடியாது, கடவுளிடம்தான் பேச முடியும் என்பது. படித்தபோது எனக்கு வியப்பாக இல்லை. இதைப் பூபருக்குச் சுமார் ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்திலேயே ஒருவர் வாழ்ந்து காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

திருவொற்றியூர்க் கோயிலுக்குப் போனவர்கள் அங்கே மகிழ மரத்தைப் பார்த்திருப்பார்கள். தேவாரம் பாடிய சுந்தரர் திருவாரூரில் பரவையாரோடு வாழ்ந்தவர். யாத்திரையாக ஒற்றியூர் வந்த இடத்தில், கோயிலில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த சங்கிலியாரைப் பார்த்து மனம் பறிகொடுத்தார். நேரே சிவனிடம் போய், அவரை எனக்குக் கட்டிக் கொடுங்கள் என்றார். சிவன் சங்கிலியாரின் கனவில் வந்து பேசினார். அவரோ, ‘அவருக்கு ஆரூரில் ஏற்கெனவே குடும்பம் இருக்கிறதே’ என்றார். பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொல்லலாம் என்று முடிவானது. சுந்தரருக்கோ சத்தியத்தைக் காப்பாற்றும் உறுதி இல்லை. அதனால் சிவனிடமே ஓர் ஏற்பாடு கேட்டார்: நான் சந்நிதியில் சத்தியம் செய்யும்போது நீர் உள்ளே இருக்க வேண்டாம், வெளியே மகிழ மரத்தடியில் இரும். சிவன் சரி என்றார். பிறகு சங்கிலியாரிடம் போய், சந்நிதியில் வேண்டாம், மகிழின் கீழ் சத்தியம் செய்யச் சொல் என்று சொல்லிவிட்டார். சுந்தரர் மாட்டிக்கொண்டார், மகிழடியிலேயே சத்தியம் செய்தார். பிறகு திருவாரூர் வசந்த விழாவின் நினைப்பு வர, சத்தியத்தை மீறிக் கிளம்பினார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயின. ஒவ்வொரு மாசியிலும் திருவொற்றியூரில் மகிழடி சேவை நடக்கும்போது இந்தச் சத்தியத்தைத்தான் ஊர் நினைத்துக்கொள்கிறது.

எனக்கு இதில் பிடித்தது கண் போனதற்குப் பிறகு வரும் பகுதி. தவறு தன்னுடையது என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் சண்டையை விடவில்லை. தட்டுத் தடுமாறித் திருவெண்பாக்கம் வந்து, கோயில் வாசலில் நின்று, “கோயில் உளாயே?” என்று கேட்கிறார். கோயிலில் இருக்கிறாயா? மதத் தத்துவத்தின் முதல் கேள்வி இதுதான். ‘கடவுள் இருக்கிறாரா’ என்பதைச் சுந்தரர் ‘இருக்கிறாயா’ என்று கேட்டுவிட்டார். உள்ளேயிருந்து வந்த பதில், “உளோம், போகீர்.” இருக்கிறோம், நீர் போம். ஆறுதல் இல்லை, விளக்கம் இல்லை, கண்ணும் திரும்பவில்லை. ஊன்றிக்கொள்ள ஒரு கோல் மட்டும் கிடைத்தது. பின்னர் காஞ்சியில் இடக்கண்ணும், திருவாரூரில் வலக்கண்ணும் கிடைத்ததாகக் கதை போகிறது. அந்த ஆரூரில் நின்று பாடிய பதிகத்தில் இன்னும் காரமாகப் பேசுகிறார். உன் அடியார் உள்ளுக்குள் கனன்று, முகம் வாடி, தங்கள் துன்பத்தைச் சொன்னால் நீ சும்மா இருப்பாய், சரி, “வாழ்ந்து போதீரே.” நீயாவது நல்லா இருந்துட்டுப் போ! எங்கள் தெருவில் மனம் நொந்த பெண்கள் “நீ நல்லா இரு” என்று சொல்லும்போது இருக்கிற அதே தொனி. இதைத் தேவாரம் தனக்குள் வைத்துக்கொண்டது, கோயில்களில் ஓதுகிறார்கள். திட்டும் பக்திதான் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஒரு விஷயம் நினைத்தால் எனக்கு உடல் சிலிர்க்கும். அந்தப் பழைய திருவெண்பாக்கம் இன்று நிலத்தின் மேல் இல்லை. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் வந்தபோது தண்ணீருக்குள் போய்விட்டது, கோயிலைப் பூண்டியில் மேட்டில் திரும்பக் கட்டினார்கள். ‘உளோம் போகீர்’ என்ற பதில் கேட்ட இடத்தின் மேல் நிற்கிற தண்ணீரைச் சென்னை குடிக்கிறது. அங்கிருந்து உபரியாகத் திறந்துவிடும் வெள்ளம்தான் எண்ணூரில் கடலில் கலக்கிறது.

அடுத்து வேண்டுதல். படித்தவர்கள் வடசென்னை பக்தியைக் குறைத்துப் பேசும்போது முதலில் கை வைப்பது இதில்தான். ‘கொடுத்தால் தருகிறேன் என்பது வியாபாரம்’ என்பார்கள். குற்றச்சாட்டு இன்றையது இல்லை. பிளேட்டோ எழுதிய ஓர் உரையாடலில் சாக்ரடீஸ், வேண்டுவதும் படைப்பதுமே பக்தி என்றால் அது தேவர்களுக்கும் மனிதர்களுக்கும் இடையே நடக்கும் கொடுக்கல் வாங்கல் ஆகிவிடாதா என்று கேட்கிறார். நல்ல கேள்விதான். ஆனால் இதற்குப் பதில் சொல்ல, வேண்டுதல் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. அம்மா ஒரு மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து சாமி படத்துக்குக் கீழே வைக்கிறார். இன்ன சாமிக்கு இன்னது செய்கிறேன் என்று மனசில் சொல்லிக்கொள்கிறார். காய்ச்சல் இறங்கியது. உடனே போகப் பணமில்லை. காசு அங்கேயே இருக்கிறது, மாதக்கணக்கில், சில வீடுகளில் வருஷக்கணக்கில். எங்கள் பக்கத்தில் கடன் என்றால் என்ன என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். காலையில் ஆயிரம் வாங்கி மீன் எடுத்து, சாயங்காலம் வட்டியோடு திருப்பித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். தவணை தவறினால் வீட்டு வாசலில் என்ன பேச்சு கேட்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தவர்கள். அவர்களே நேர்த்திக்கடனையும் ‘கடன்’ என்கிறார்கள், ஆனால் அந்தக் கடனுக்கு வட்டி இல்லை, கெடு இல்லை. அம்மன் பொறுத்துக்கொள்வாள். வியாபாரத்தில் எதிராளிக்கு வேண்டியதைத் தர வேண்டும். மொட்டையடித்த முடியும், பொங்கப் பானையும், வெறுங்காலோடு நடந்த நடையும் எந்தச் சாமிக்கு எதற்கு வேண்டும்? அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குச் செய்த சீரைப் போல, செய்வதில்தான் உறவு நிற்கிறது.

திருவொற்றியூர்க்காரரான கலிய நாயனாரும் இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறார். எண்ணெய் ஆட்டும் குலத்தில் பிறந்து, கோயில் விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றுவதையே தொண்டாகக் கொண்டவர். செல்வம் போய், கூலி வேலையும் போய், கடைசியில் எண்ணெய்க்குப் பதில் தன் ரத்தத்தை ஊற்றக் கழுத்தை அரியத் துணிந்தார். எதையும் கேட்டுப் பெறுவதற்காக அவர் இதைச் செய்யவில்லை. அதற்கு முன்னால் மனைவியை விற்கப் பார்த்தார் என்ற பகுதி மட்டும் எனக்கு இன்றும் உறுத்துகிறது. அடியார் கதை என்பதற்காக அதைக் கண்மூடி ஏற்க என்னால் முடியாது.

வேண்டுதலுக்கு இன்னொரு விளக்கமும் உண்டு. முதல் உலகப் போர் நடந்த காலத்தில் பசிபிக் பக்கம் டிரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கியிருந்த மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி, அங்கே காயலில் மீன் பிடிக்கும்போது மந்திரச் சடங்கு எதுவும் இல்லை, ஆபத்தான வெளிக்கடலுக்குப் போகும்போதுதான் சடங்குகள் நிறைய என்று கவனித்தார். மனிதக் கையின் திறமை முடிகிற இடத்தில் சடங்கு தொடங்குகிறது என்பது அவர் முடிவு. காசிமேட்டில் இது பாதி சரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கிளம்பும் நாளில் பூசைச் சாமான்கள் இல்லாத போட்டைப் பார்க்க முடியாது. அதே நேரம் இன்ஜினைப் பழுது பார்க்காமல், வலையைச் சரி பார்க்காமல், ஐஸ் ஏற்றாமல் பூசையை மட்டும் நம்பிப் போகிறவரும் கிடையாது. மீதிப் பாதி மலினோவ்ஸ்கிக்குள் அடங்காது. மாசி மகத்தன்று சாமிகள் கடலுக்கு வருகின்றன, ஊரே கரையில் நிற்கிறது. அன்றைக்கு ஆபத்து ஏதும் இல்லை, கேட்பதற்கும் ஏதும் இல்லை. பயத்தை மட்டும் வைத்து அந்த நாளை விளக்க முடியாது.

இப்போது எதிர்வாதம். எங்கள் குடும்பத்திலேயே அது இருந்தது. அம்மாவின் அண்ணன், என் மாமா, கருப்புச் சட்டைக்காரர். முன்னிலை, படர்க்கை என்று நான் விளக்கியபோது அமைதியாகக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார்: “செத்துப்போனவங்க போட்டோவப் பாத்தும் பேசுறோம். பேசுறதாலயே எதிர்ல ஆளு இருக்கான்னு ஆயிடுமா?” ஆகாது. இதில் அவர் சொல்வதே சரி. ஒருவரை விளிப்பதால் அவர் இருக்கிறார் என்று நிரூபணம் ஆவதில்லை. முன்னிலைப் பேச்சு நம்பிக்கையின் இயல்பைக் காட்டும், அந்த நம்பிக்கை உண்மையா என்பதைக் காட்டாது. அதற்கு ஹியூமின் படர்க்கைக் கேள்வி வேண்டும், மாமாவின் கேள்வியும் வேண்டும். இந்தக் கேள்விகள் நம் ஊருக்கு வெளியிலிருந்து நேற்று வந்தவையும் அல்ல. 1882-லேயே சென்னையில் நாத்திகர்கள் சங்கம் வைத்து, ‘தத்துவ விவேசினி’ என்று தமிழில் இதழ் நடத்தி, சாதியையும் சடங்கையும் கடவுளையும் கேள்வி கேட்டிருக்கிறார்கள்.

மாமாவின் வாதத்தில் இன்னொரு முனையும் இருந்தது. எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. சாமி பேரைச் சொல்லி ஏழைகளை அடக்கிவைக்கிறார்கள் என்பார். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர் விஷவாயுவில் செத்துப்போனால், இறக்கிவிட்ட ஆளே வந்து “அவன் விதி அவ்வளவுதான், எல்லாம் ஆண்டவன் செயல்” என்று சொல்வதை நானும் கேட்டிருக்கிறேன். வார்த்தை அதேதான். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் “ஆண்டவன் எடுத்துக்கினான்” என்று சொல்லும்போது, உடைந்துபோகாமல் நிற்க அவள் பிடித்துக்கொள்ளும் கம்பு அது. பொறுப்பாளி சொல்லும்போது அவன் ஒளிந்துகொள்ளும் சுவர். யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார் என்பதைப் பார்க்காமல் விதி என்ற சொல்லுக்குப் பொருள் சொல்ல முடியாது. நாஜிகளின் கையில் குடும்பத்தில் பெரும்பாலோரை இழந்த பிரெஞ்சுத் தத்துவவாதி இம்மானுவேல் லெவினாஸ், பிறருடைய வலிக்கு நியாயம் கற்பிப்பதுதான் எல்லா ஒழுக்கக்கேட்டுக்கும் ஊற்று என்று எழுதினார். என் வலிக்கு நான் அர்த்தம் தேடிக்கொள்ளலாம். உன் வலிக்கு அர்த்தம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. கடவுளை நியாயப்படுத்த எழுதப்பட்ட பல வாதங்கள் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகின்றன. அவை துன்பப்பட்டவரின் வாயிலிருந்து வருவதில்லை, பக்கத்தில் நின்றவரின் வாயிலிருந்து வருகின்றன.

அப்படியென்றால் பக்கத்தில் நிற்கிறவர் என்ன செய்யலாம்? ஏழுகிணறு பகுதியில் வளர்ந்த ஒருவர் இதற்குப் பதில் வைத்திருந்தார். வள்ளலார், 1823-இல் பிறந்து, சிறு வயதிலேயே சென்னைக்கு வந்து, கந்தகோட்டத்தில் பாடி, திருவொற்றியூருக்கு நடையாய் நடந்தவர். ஓர் இரவு நேரம் கழித்து வந்து, வீட்டாரை எழுப்ப மனமில்லாமல் திண்ணையில் பசியோடு படுத்தவருக்கு, திருவொற்றியூர் வடிவுடையம்மனே அண்ணி உருவத்தில் வந்து சோறு போட்டதாக இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். நடந்ததா என்று நான் வாதாட வரவில்லை. ஒரு சாமி தன்னைக் காட்டிக்கொள்ள என்ன செய்யும் என்று இந்த மக்கள் நினைத்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். சோறு போடும். “வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன்” என்று எழுதியவர், பயிர் ஏன் வாடுகிறது என்று கடவுள் தரப்பில் விளக்கம் எழுதவில்லை. 1867-இல் வடலூரில் தருமசாலை திறந்து அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பு இன்னும் எரிகிறது. சுனாமிக்குப் பிறகு எங்கள் தெருவுக்கு வந்தவர்களில், தேற்றுவதாக நினைத்துப் பேசியவர்களின் ஒரு வார்த்தைகூட எனக்கு நினைவில்லை. அண்டாவில் சாம்பார் சாதம் கொண்டுவந்தவர்களின் முகம் நினைவிருக்கிறது.

பல மதங்கள் இருக்க எது உண்மை என்ற கேள்வியும் மதத் தத்துவத்தில் பெரிய பகுதி. எங்கள் பக்கத்தில் அது அவ்வளவாக எழுவதில்லை என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை அரண்மனைக்காரன் தெரு அந்தோணியார் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுகிறவர்களில் நெற்றியில் குங்குமம் வைத்தவர்கள் எத்தனை பேர் என்று போய்ப் பார்க்கலாம். பயந்த குழந்தையைத் தர்காவுக்குத் தூக்கிப் போய் ஓதி ஊதிக்கொண்டு வருகிற அம்மாக்கள் வெள்ளிக்கிழமை அம்மனுக்கு விளக்கும் போடுவார்கள். எல்லா மதமும் ஒன்று என்ற கொள்கை அவர்களிடம் இல்லை. யார் காது கொடுத்துக் கேட்பார்களோ அவர்களிடம் போகிறார்கள்.

ஆயா போன வருஷம் இறந்தார். மூலக்கொத்தளம் மயானத்துக்குத் தூக்கும் முன்னால் இரவு முழுக்கக் கானா பாடினார்கள். பந்தலுக்குக் கீழே டோலக்கு, சின்னதாக ஒரு மைக், பாடுகிறவர் இறந்தவரின் பேரைச் சொல்லி, ‘கூடையத் தூக்கிக்கினு எங்க போன’ என்று அவரிடமே கேட்டுப் பாடினார். பிறப்பு, வாடகை வீடு போன்ற உடம்பு, கூட வராத காசு என்று பாட்டு போனது. திருவொற்றியூரில் கடலோரம் அடங்கியிருக்கும் பட்டினத்தார் சொன்ன “காதற்ற ஊசியும் வாராது காண் கடைவழிக்கே” என்பதற்கும் அந்தப் பாட்டுக்கும் நடுவில் நான் பெரிய வித்தியாசம் காணவில்லை. எல்லாம் நிலையில்லை என்று அவ்வளவு தெரிந்த பட்டினத்தாராலும் தாய்க்குக் கொள்ளி வைக்கும்போது, அன்னை இட்ட தீ அடிவயிற்றில் என்று அலறாமல் இருக்க முடியவில்லை. தத்துவம் தெரிந்தால் துக்கம் குறையும் என்று நான் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன்.

காரியம் முடிந்து ஆயாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, புடவைக்கு அடியில் மஞ்சள் துணி முடிச்சு மூன்று இருந்தது. மூன்றிலும் ஒரு ரூபாய்க் காசு. எந்தச் சாமிக்கு, எதற்காக, எப்போது முடிந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒன்று சித்தப்பாவுக்காக இருக்கும் என்று அம்மா சொன்னார், எது என்று அவராலும் சொல்ல முடியவில்லை. கடைசியில் ஒன்றை அங்காளம்மனுக்கு, ஒன்றை வடிவுடையம்மனுக்கு, ஒன்றை அந்தோணியாருக்கு என்று முடிவு செய்தோம். அம்மாவுக்கு முட்டி வலி, பஸ் ஏறிப் பாரிமுனை வரை போக முடியாது. மாமா கையை நீட்டி அந்த முடிச்சை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நீங்களா என்று கேட்டேன்.

“கடன் அவங்களுது. தீக்கறது நம்ம வேலடா” என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. கூட்டம் அதிகமாம், திரும்பி வர மத்தியானம் ஆகிவிட்டது.